அப்டேற்றுக்குப் பிறகு இன்ரர்நெற் ஆமை வேகமா? விசாரணைக்கு முன் செய்து பார்க்க வேண்டியவை



எங்களிடம் உதவிக்கு வருபவர்கள் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்று இருக்கிறது. "லப்டொப் தானாகவே அப்டேற் ஆகிச்சுது. அதுக்குப் பிறகு வைஃபை சரியான ஸ்லோ. என்ன செய்யிறது?" பொழுதுபோக்குக்காக லப்டொப் வைத்திருப்பவருக்கு இது சின்ன எரிச்சல்தான். ஆனால் அகதிக் கோரிக்கை வைத்திருக்கும் உங்களுக்கு அப்படியல்ல. 2020 ஆம் ஆண்டுத் தொற்றுக் காலத்துக்குப் பிறகு குடிவரவு அகதிகள் சபையின் விசாரணைகள் பெரும்பாலும் மைக்ரோசொப்ட் ரீம்ஸ் வழியாகத்தான் நடக்கின்றன. படிவங்களும் சான்றுகளும் இன்ரர்நெற்றால்தான் போகின்றன. ஆகவே இந்தக் கோளாறை ஒழுங்காகத் தேடித் திருத்தும் முறையைப் படிப்படியாகத் தருகிறோம். படம் கீறத் தெரியாதவரும் வரைபடம் பார்த்து வழி பிடிக்கலாம். அதுபோல கொம்பியூட்டர் படிக்காதவரும் இதைச் செய்யலாம்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அப்டேற்றுக்குப் பிறகு ஸ்லோ என்பதற்காக அப்டேற்தான் காரணம் என்று முடிவு கட்டாதேங்கோ. எங்கே பிழை என்று கண்டுபிடித்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

1. பிழை எங்கே?

வீட்டுத் தண்ணீரை நினைத்துப் பாருங்கோ. தெருக் குழாயில் தண்ணீர் வருகிறது. வீட்டுக்குள் பைப் வழியாகப் போகிறது. கடைசியில் உங்கள் ரப்பில் விழுகிறது. ரப்பில் தண்ணீர் குறைந்தால் அடைப்பு இந்த மூன்றில் எங்கேயும் இருக்கலாம். இன்ரர்நெற்றும் அப்படித்தான். கொம்பனி தரும் இணைப்பு தெருக் குழாய். மோடமும் வைஃபையும் வீட்டுப் பைப். உங்கள் லப்டொப் ரப்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று சோதனை போதும்.

முதல் சோதனை: லப்டொப்பையும் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கோ. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். போனில் மொபைல் டேற்றாவை நிறுத்திவிடுங்கோ. இரண்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஸ்பீட் ரெஸ்ற் செய்யுங்கோ. கனடாவின் சிரா என்ற அமைப்பு இலவசமாக நடத்தும் சோதனைப் பக்கம் உண்டு. போன் வேகமாகவும் லப்டொப் மெதுவாகவும் இருந்தால் பிழை லப்டொப்பில். இரண்டும் மெதுவென்றால் லப்டொப்பைத் தொடாதேங்கோ, பிழை வேறிடத்தில்.

இரண்டாம் சோதனை: லப்டொப்பை மோடம் இருக்கும் அறைக்குக் கொண்டுபோய் மறுபடியும் சோதியுங்கோ. அங்கே வேகம் வந்தால் உங்கள் அறைக்கு வைஃபை ஒழுங்காக எட்டவில்லை.

மூன்றாம் சோதனை: மோடத்துக்கும் லப்டொப்புக்கும் நேரடியாக ஈதர்நெற் வயர் போட்டுப் பாருங்கோ. வயரிலும் மெதுவென்றால், போனும் மெதுவென்றால், பிழை கொம்பனியின் இணைப்பில் அல்லது வீட்டில் பலபேர் ஒரே நேரத்தில் பாவிப்பதில்.

மூன்று முடிவுகளையும் திகதி, நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. பிறகு யாரிடம் உதவி கேட்டாலும் இந்தக் குறிப்புத்தான் அவருக்கு முதல் தேவைப்படும்.

2. எவ்வளவு வேகம் தேவை?

ஸ்பீட் ரெஸ்ற் இரண்டு எண்களைக் காட்டும். டவுன்லோட் என்பது உங்களிடம் வருவது. அப்லோட் என்பது உங்களிடமிருந்து போவது. படம் பார்ப்பதற்கு முதலாவது முக்கியம். விசாரணைக்கு இரண்டுமே முக்கியம். உங்கள் முகமும் குரலும் அப்லோட் வழியாகத்தான் போகின்றன.

கனடாவின் தொலைத்தொடர்பு ஆணையமான சிஆர்ரிசி, 2016 டிசம்பரில், நாட்டிலுள்ள எல்லா வீடுகளுக்கும் 50 மெகாபிட் டவுன்லோட்டும் 10 மெகாபிட் அப்லோட்டும் கிடைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. விசாரணைக்கு இவ்வளவு தேவையில்லை. தடங்கலில்லாமல் இரண்டு பக்கமும் 3 அல்லது 4 மெகாபிட் வந்தால் தாராளம்.

மெகாபிட் வேறு, மெகாபைற் வேறு. 8 பிட் சேர்ந்தது 1 பைற். உங்கள் சான்றுகளை ஸ்கான் செய்து 40 மெகாபைற் கோப்பாக்கினீர்கள் என்று வைப்போம். அது 320 மெகாபிட். அப்லோட் 1 மெகாபிட் என்றால் அனுப்ப 320 வினாடி, அதாவது 5 நிமிடத்துக்கும் மேல். இடையில் லைன் அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்துதான். விசாரணைக்கான ஆவணங்கள் ஆகக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் சபைக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது விதி. கடைசி நாள் இரவு 11 மணிக்கு அனுப்புவோம் என்று இருக்காதேங்கோ.

3. பிழை லப்டொப்பில் என்றால்

கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்யுங்கோ. ஒவ்வொன்றுக்கும் பிறகு ஸ்பீட் ரெஸ்ற் செய்து பாருங்கோ. சரிவந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கோ.

அ) பொறுமை. பெரிய அப்டேற் ஒன்று வந்தால் லப்டொப் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகும் பின்னணியில் வேலை நடக்கும். மிச்சக் கோப்புகளை இறக்கும், ஒழுங்குபடுத்தும். சார்ஜரில் போட்டு, மூடாமல், ஒரு இரவு விடுங்கோ. காலையில் ஸ்ரார்ட் மெனுவில் போய் றீஸ்ரார்ட் கொடுங்கோ. மூடித் திறப்பது றீஸ்ரார்ட் ஆகாது. கணிசமான பேருக்கு இந்த இடத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆ) யார் குடிக்கிறார் என்று பாருங்கோ. கொன்ட்ரோல், ஷிப்ற், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அமுக்கினால் ராஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் நெற்வேர்க் என்ற தலைப்பை ஒருக்கால் கிளிக் செய்தால் அதிகம் பாவிப்பது மேலே வரும். படங்களை ஒன்ட்ரைவ் போன்ற இடங்களுக்கு ஏற்றிக்கொண்டிருந்தால் தற்காலிகமாக நிறுத்துங்கோ. முன்பு ஏதாவது விபிஎன் போட்டிருந்தால் அதையும் நிறுத்திச் சோதியுங்கோ.

இ) அப்டேற்றைப் பங்கு போடுவதை நிறுத்துங்கோ. விண்டோஸ் தான் இறக்கிய அப்டேற் கோப்புகளை வேறு கொம்பியூட்டர்களுக்கும் உங்கள் லைனால் அனுப்பக்கூடியது. செற்றிங்ஸ், விண்டோஸ் அப்டேற், அட்வான்ஸ்ட் ஒப்சன்ஸ், டெலிவரி ஒப்டிமைசேசன் என்று வரிசையாகப் போங்கோ. மற்றக் கொம்பியூட்டர்களிலிருந்து இறக்க அனுமதிக்கும் பொத்தானை ஓஃப் செய்யுங்கோ. குறைந்த அப்லோட் உள்ள வீட்டில் இது நல்ல வித்தியாசம் காட்டும்.

ஈ) வைஃபை ட்ரைவர். லப்டொப்புக்குள் இருக்கும் வைஃபை கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் சிறிய மென்பொருள்தான் ட்ரைவர். மொழிபெயர்ப்பாளர் போல. அப்டேற் சிலவேளை பழைய மொழிபெயர்ப்பாளரை அனுப்பிவிட்டுப் புதியவரைக் கொண்டுவரும், அவருக்கு உங்கள் கருவியின் வழக்கு விளங்காது. இது கற்பனையல்ல. 2023 டிசம்பரில் விண்டோஸ் 11 க்கு வந்த அப்டேற் ஒன்றால் குவல்கொம் நிறுவனத்தின் சிலவகை வைஃபை கருவிகள், குறிப்பாகப் பல்கலைக்கழகம், அலுவலகம் போன்ற இடங்களின் வலையமைப்புகளில் இணைய முடியாமல் போயின. மைக்ரோசொப்ட்டே அதை ஏற்றுக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

செய்யும் முறை: ஸ்ரார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் திறவுங்கோ. நெற்வேர்க் அடப்ரேர்ஸ் என்பதற்குள் வைஃபை அல்லது வயர்லெஸ் என்று பெயர் உள்ளதில் வலது கிளிக் செய்து புறொப்பர்ட்டீஸ் போங்கோ. ட்ரைவர் பக்கத்தில் ரோல் பக் ட்ரைவர் என்ற பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் பழைய ட்ரைவர் திரும்பி வரும். பொத்தான் மங்கலாக இருந்தால் திரும்பிப்போகப் பழையது இல்லை என்று அர்த்தம். அதே இடத்தில் பவர் மேனேஜ்மென்ற் என்ற பக்கம் இருந்தால், மின்சாரம் சேமிக்கக் கருவியை நிறுத்த அனுமதிக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கோ. புது ட்ரைவர் தேவையென்றால் உங்கள் லப்டொப் செய்த கொம்பனியின் சொந்தப் பக்கத்தில் மட்டும் எடுங்கோ.

உ) கடைசி வழி நெற்வேர்க் ரீசெற். செற்றிங்ஸில் நெற்வேர்க் பகுதிக்குள், அட்வான்ஸ்ட் பக்கத்தின் அடியில் இருக்கும். இது சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் அழித்துவிடும். பாஸ்வேர்ட்டைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கோ.

இவ்வளவுக்கும் சரிவரவில்லை, போன் மட்டும் வேகமாக இருக்கிறதென்றால், அப்டேற்றைத் திரும்ப எடுக்கலாம். பெரிய பதிப்பு மாற்றம் என்றால் செற்றிங்ஸில் றிகவறி என்ற பகுதியில் பழையதுக்குத் திரும்பும் வசதி வழக்கமாக 10 நாட்கள் வரை இருக்கும். ஆனால் பாதுகாப்பு அப்டேற்றை எடுத்தால் கதவின் பூட்டைக் கழற்றியது போல. திருத்தம் வந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கோ.

4. பிழை வைஃபையில் என்றால்: பேஸ்மென்ற் பிரச்சினை

பிக்கரிங், ஏஜாக்ஸ், ஸ்காபுறோ பக்கம் புதிதாக வருபவர்களில் பலர் பேஸ்மென்ற்றில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். மோடம் மேல்மாடியில். நடுவில் தளம், சூடாக்கியின் தகரக் குழாய்கள், ஃபர்னஸ், வோஷிங் மெசின். தகரத்தையும் கொங்கிறீற்றையும் தாண்ட வைஃபை கஷ்டப்படும்.

வைஃபை பொதுவாக இரண்டு அலைவரிசையில் வரும். 2.4 கிகாஹேர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டித் தூரம் போகும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவருக்குச் சுவர் பலம் குறையும். அப்டேற்றுக்குப் பிறகு லப்டொப் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறியிருக்கக்கூடும். மோடத்துக்குக் கிட்ட இருந்தால் 5 ஐத் தெரிவு செய்யுங்கோ. பேஸ்மென்ற்றில் 2.4 தான் நிலையாக இருக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 ஐச் சுற்றித்தான் வேலை செய்கிறது. சோறு சூடாக்கும் நேரம் லைன் அறுந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

வீட்டில் எத்தனை பேர் என்றும் பாருங்கோ. மேலே தமிழ் ரிவி பெட்டி, பிள்ளைகளின் விளையாட்டு, கீழே இரண்டு போன். தெளிவான வீடியோ ஒன்றுக்கே ஏறத்தாழ 5 மெகாபிட் போகும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்த பிறகு ஸ்லோ, காலையில் நல்லம் என்றால் லப்டொப்பில் பிழை இல்லை.

மோடத்தின் கரன்ட் வயரை வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் கழற்றிப் போடலாம். ஆனால் பின்னால் ஊசியால் குத்தும் ரீசெற் ஓட்டையைத் தொடாதேங்கோ. அது செற்றிங்ஸ் முழுவதையும் அழித்துவிடும், வீட்டில் எல்லாருக்கும் இன்ரர்நெற் போய்விடும்.

இன்ரர்நெற் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் கொம்பனியோடு அவர்தான் பேச வேண்டும். "அண்ணை, எனக்கு 14 ஆம் திகதி விசாரணை இருக்குது. அண்டைக்கு ரண்டு மூண்டு மணித்தியாலம் ரிவியை நிப்பாட்டி வைப்பியளோ?" என்று முன்கூட்டியே கேட்பதில் வெட்கம் இல்லை. கணக்கு உங்கள் பெயரில் இருந்து கொம்பனி தீர்வு தரவில்லையென்றால், 2007 இல் தொடங்கிய சிசிரிஎஸ் என்ற முறைப்பாட்டு ஆணையத்திடம் இலவசமாக முறையிடலாம்.

5. செய்யக்கூடாதவை

திரையில் திடீரென்று "உங்கள் கொம்பியூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று வந்தால் அழைக்காதேங்கோ. மைக்ரோசொப்ட்டோ வேறு யாருமோ உங்களைத் தேடிப் போன் எடுத்துத் திருத்தித் தர மாட்டார்கள். தூரத்திலிருந்து உங்கள் திரையைப் பிடிக்கும் மென்பொருளை முன்பின் தெரியாதவர் சொல்லி இறக்காதேங்கோ. "ட்ரைவர் எல்லாவற்றையும் ஒரே கிளிக்கில் திருத்தும்" என்ற இலவச மென்பொருள்களும் வேண்டாம்.

உங்கள் லப்டொப்பில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கோ. ஊரில் உங்களுக்கு நடந்தது முழுவதும் எழுதிய வாக்குமூலம், அடையாள அட்டை, ஊரில் இருக்கும் அம்மா அப்பாவின் விலாசம், சாட்சி சொன்னவரின் கடிதம். வைஃபை திருத்தக் கொடுக்கும்போது இவ்வளவும் சேர்ந்து போகிறது. திருத்தும் கடைக்குக் கொடுக்க வேண்டி வந்தால் வழக்குக் கோப்புகளை முதலில் யூஎஸ்பியில் பிரதி எடுத்து, லப்டொப்பிலிருந்து அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கிவிட்டுக் கொடுங்கோ. ஆனாலும் அழித்த கோப்பைத் தெரிந்தவர் மீட்கக்கூடும். ஆகையால் நம்பிக்கையான இடமே முதல் தெரிவு.

இன்னொன்று. விண்டோஸ் 10 க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு அப்டேற்றை மைக்ரோசொப்ட் 2025 ஒக்ரோபர் 14 உடன் நிறுத்தியது. நன்கொடையாகக் கிடைக்கும் பழைய லப்டொப்கள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கோ.

6. விசாரணைக்கு முன்னும் அன்றும்

இரண்டு கிழமைக்கு முன்: விண்டோஸ் அப்டேற் பக்கத்தில் இருப்பதெல்லாம் போட்டு முடித்து, பிறகு போஸ் அப்டேற்ஸ் என்ற பொத்தானால் சில வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கோ. விசாரணை முடிந்ததும் திறந்துவிட மறக்காதேங்கோ.

ஒரு கிழமைக்கு முன்: விசாரணை நடக்கும் அதே அறையில், அதே நேரத்தில், நண்பர் ஒருவரோடு ரீம்ஸில் அரை மணித்தியாலம் பேசிப் பாருங்கோ.

மாற்று வழி: போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுப் பழகி வையுங்கோ. வீடியோ அழைப்புக்கு மணிக்கு 1 ஜிபி வரை போகலாம், பிளானில் அவ்வளவு இருக்கிறதா என்று பாருங்கோ. இங்கே ஒரு பாடம். 2022 ஜூலை 8 ஆம் திகதி றொஜர்ஸ் கொம்பனியின் மைய வலையமைப்பில் செய்த ஒரு அப்டேற் பிழைத்து, 1 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளருக்கு இன்ரர்நெற்றும் போனும் ஒன்றாக நின்றுபோயின. கடைகளில் டெபிற் காட் கூட வேலை செய்யவில்லை. வீட்டு இன்ரர்நெற்றும் கைப்போனும் ஒரே குடும்பமாக இருந்தால் மாற்று வழி மாற்று வழியே அல்ல. ஃபைடோ, சற்றர் இரண்டும் றொஜர்ஸ் குடும்பம். வேர்ஜின், லக்கி இரண்டும் பெல் குடும்பம். வேறு குடும்பத்துப் போன் உள்ள நண்பர் ஒருவரைப் பிடித்து வையுங்கோ.

வீட்டில் முடியவே முடியாதென்றால் நேரில் வந்து விசாரணையில் பங்குபற்ற அனுமதி கேட்கலாம். முதல் நாள் கேட்பதற்கல்ல இது. விசாரணைத் திகதிக் கடிதம் வந்தவுடனேயே உங்கள் சட்டத்தரணிக்குச் சொல்லுங்கோ. பிக்கரிங் மத்திய நூலகத்தில் இலவச வைஃபை உண்டு. ஆவணம் அனுப்ப அது நல்ல இடம். ஆனால் பலர் இருக்கும் இடத்தில் உங்கள் கதையைச் சொல்ல வேண்டாம். விசாரணைக்குத் தனி அறை தேவை.

அன்று லைன் அறுந்தால்: பதறாதேங்கோ. அதே இணைப்பால் உடனே திரும்பிச் சேருங்கோ. முடியாவிட்டால் போனில் சட்டத்தரணிக்கும் சபைக்கும் சொல்லுங்கோ. இரண்டு எண்களையும் முதலே தாளில் பெரிதாக எழுதி மேசையில் வையுங்கோ, லப்டொப்புக்குள் மட்டும் வைத்திருந்தால் பிரயோசனமில்லை. லைன் அறுந்தது குற்றமல்ல, சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. விசாரணைக்கு வராதவரின் கோரிக்கையைக் கைவிடப்பட்டதாகச் சபை அறிவிக்க முடியும். அதற்கு முன் விளக்கம் கேட்கும் சிறப்பு விசாரணை, முதல் திகதியிலிருந்து 5 வேலைநாட்களுக்குள் நடக்கும். அப்போது உங்கள் கொப்பியில் இருக்கும் திகதி, நேரம், ஸ்பீட் ரெஸ்ற் குறிப்புகள், திரையின் படம் எல்லாம் உங்களுக்குச் சாட்சி. விளங்காத கட்டத்தில், குரல் விட்டு விட்டுக் கேட்கும் கட்டத்தில், "எனக்குக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அரைகுறையாகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதேங்கோ. அந்தப் பதில்தான் பதிவில் நிற்கும்.

இந்தப் பக்கத்தை வெட்டி லப்டொப் பையில் வைத்திருங்கோ. திரையில் வரும் ஆங்கிலச் செய்தி விளங்கவில்லையென்றால் போனால் படம் எடுத்து எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கோ, சேர்ந்து பார்ப்போம். வேறு உதவி எங்கே கிடைக்கும் என்று அறிய 211 என்ற எண்ணுக்கு இலவசமாக அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.